ஜேசுரட்ணம் காரை எடுக்கமாட்டார்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் என் சமையலறை யன்னல். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் தெருவில், எதிர்வீட்டுக் கீழ்த்தளத்தில் ஜேசுரட்ணம் அண்ணை குடும்பம். இந்தப் பக்கம் மூன்றாம் மாடியில் நான். பாத்திரம் கழுவுகிறவருக்குக் கண் எங்காவது போகத்தானே வேண்டும்? போனது. கண்ணுக்கு எட்டாததை அவர் மனைவி றீற்றா அக்கா தமிழ்க் கடை வாசலில் சொன்னார். அவரும் சொல்லாததை நானே போட்டுக்கொண்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"2009 டிசம்பரில் வெண்பனி அந்த நகரத்தை ஒரு மணப்பெண்ணைப் போல —"

வேண்டாம். எங்கள் தெருப் பனி மறுநாளே அடிப்பிடித்த பானை மாதிரி ஆகிவிடும். இன்னொன்று:

"ஜேசுரட்ணம் தன் காரை நேசித்தார்."

பொய். அவர் நேசித்தது காரை அல்ல, கார் நின்ற இடத்தை. வாசற்படிக்கு நேர் எதிரே, நாலு எட்டில் ஏறி உட்காரக்கூடிய இடம்.

2

மகள் பிறேமாவுக்கு நிறைமாதம்.* வலி வந்தால் தானே ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோவதாகத் தகப்பன் சொல்லியிருந்தார். சொன்ன வாரமே வானம் கொட்டியது. பனி அள்ளும் சவளோடு இறங்கிய மனிதர் அந்தச் சனிக்கிழமை முழுவதும் வெட்டித் தன் காரைச் சுற்றித் தார் தெரியும்படி வைத்தார். வெட்டிய பனி எங்கே போனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அதன் பிறகு அவர் காரை எடுக்கவேயில்லை. எடுத்தால் இடம் போய்விடும். வெட்டிய இடத்தில் சமையலறைக் கதிரையை வைத்துப் பிடித்துவைக்க முயன்றவர்களும் தெருவில் உண்டு. ஜெர்மன்காரர் அதை மரியாதையாகத் தூக்கி நடைபாதையில் வைத்துவிட்டுத் தங்கள் காரை விடுவார்கள். ஆகவே ஜேசுரட்ணத்துக்குக் காரே கதிரை. வேலைக்குப் பஸ். சாமானுக்குப் பஸ். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் பஸ்.

"இஞ்சாருங்கோ, பூசைக்காவது எடுங்கோவன். கால் விறைக்குது."

"எடுத்தா இடம் போயிடும்."

"அப்ப காருக்கு முன்னாலை ஒரு மெழுகுதிரியும் கொளுத்தி வையுங்கோ. சனம் வந்து நேர்த்தி வைச்சிட்டுப் போகட்டும்."

"நீ பேசாமல் வா."

(* பிறேமாவின் கணவன் எங்கே என்று கேட்பீர்கள். லண்டனில். நத்தார் பண்டிகைக்கு வருவதாக இருந்தான். பனியால் விமானம் பறக்கவில்லை. அவனை அங்கேயே விட்டுவிடுவோம். இருக்கிற ஆட்களையே என்னால் சமாளிக்க முடியவில்லை.)

3

இந்த இடத்தில் எனக்கு ஜேசுரட்ணத்தின் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு பிடிவாதம் ஒரு மனிதருக்கு அடுக்குமா? சிரிப்புக்காக நான் உப்பைக் கூட்டிவிட்டேனோ? கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த றீற்றா அக்காவிடம் மெல்ல வாயைக் கிண்டினேன்.

"உங்களுக்குத் தெரியாது," என்றார். "பிறேமா பிறக்கேக்கை நாங்கள் இஞ்சை ஜெர்மனியிலை அகதி முகாமிலை. ஆசுப்பத்திரி அடுத்த மாவட்டம். மாவட்ட எல்லை தாண்டுறதெண்டா இவருக்கு அனுமதிக் கடுதாசி வேணும். கடுதாசி தாறவருக்கு அண்டைக்கு லீவு. முகாம் காவல்காரன்தான் என்னைக் காரிலை ஏத்திக்கொண்டு போனவன். மனுசன் முகாம் வாசல் படலையிலை நிண்டு கை காட்டினது."

பிறகு ஒரு வெண்டிக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தார். "பிள்ளையைப் பாக்க இவருக்குக் கடுதாசி கிடைக்கேக்கை, நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குத் திரும்பி வந்திட்டன்."

நான் கேலியாக எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தை —

4

வெட்டிய பனி எங்கே போனது? பின்னால் நின்ற கோவிந்தராஜனின் காருக்கு முன்னால். கோவிந்தராஜன் தமிழ்நாட்டு இன்ஜினியர், பக்கத்து வாசல்.

"அங்கிள், என் பம்பர் முன்னாடி ஒரு மலையே இருக்கு. கொஞ்சம் ஷிஃப்ட் பண்ணலாமா?"

"தம்பி, பனியெண்டா உருகும்தானே."

"எப்ப அங்கிள், ஏப்ரல்லயா?"

மலை அசையவில்லை. இரவில் இறுகிக் கல்லானது.

5

வலி வந்தது ஒரு செவ்வாய்க் காலை, ஜேசுரட்ணம் வேலைக்குப் போன பிறகு.

கார் வாசலில் நின்றது. ஓட்டுகிறவர் பார்சல் கிடங்கில். சாவி அவர் சட்டைப்பையில். மற்றச் சாவி? தொலையாமல் இருக்கட்டும் என்று அதையும் அதே வளையத்தில் கோத்து வைத்திருந்தார். (இதை நான் கற்பனை செய்யவில்லை. எனக்கு அவ்வளவு திறமை கிடையாது.)

"வாறன், வெளிக்கிட்டிட்டன்," என்றார் தொலைபேசியில். "டாக்ஸி ஒண்டும் கூப்பிடாதை றீற்றா. நான் வாறன்."

"அப்பா வரட்டும் அம்மா, நான் பொறுப்பன்," என்றாள் பிறேமா, கதவு நிலையைப் பிடித்தபடி.

றீற்றா பொறுத்தார். பஸ் பாதியில் நின்றுவிட்டது, நடந்து வருகிறேன் என்று அடுத்த அழைப்பு. வலி நெருங்கி நெருங்கி வந்தது. ஒருமுறை பிறேமா நிலையை விட்டுத் தாயின் தோளைப் பிடித்தாள். அந்தப் பிடியில் றீற்றாவுக்குத் தன் பழைய வலி நினைவு வந்தது. படலையில் நின்ற மனிதரும் நினைவு வந்தார். இன்னும் கொஞ்சம் பொறுத்தார். பிறகு டாக்ஸிக்கு அடித்தார். எப்போது வரும் என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. பிறகு பக்கத்து வாசல் மணியை அடித்தார்.

"தம்பி, பிள்ளைக்கு ஏலாமல் கிடக்கு."

கோவிந்தராஜன் மேலே ஸ்வெட்டர், கீழே லுங்கியோடு வந்தான். பனியால் அன்று வீட்டிலிருந்தே வேலை. தன் சவளை எடுத்து மலையைக் கொத்தத் தொடங்கினான். றீற்றா தன் புருசனின் சவளையே எடுத்துவந்து மறுபக்கம் கொத்தினார். புருசன் வைத்ததைப் பெண்சாதி கொத்தினார். நான் யன்னலில். (இறங்கிப் போகவில்லையா என்று கேட்காதீர்கள். இருந்ததே இரண்டு சவள்.)

6

முடிவுக்கு மூன்று எழுதினேன்.

ஒன்று: அவர் ஓடிவந்து சாவியைத் திருப்ப, குளிரில் கிடந்த பேட்டரி செத்திருக்கிறது. நீங்கள் முதலிலேயே ஊகித்திருப்பீர்கள். விடுங்கள்.

இரண்டு: அவர் நேரத்துக்கு வருகிறார், தானே ஓட்டுகிறார், பேரப்பிள்ளை சுகமாகப் பிற —

இதை எழுதும்போது என் கையே என்னை நம்பவில்லை.

மூன்று, யன்னலிலிருந்து கண்டது. கோவிந்தராஜனின் கார் வெளியே வந்து, சூடேறி, உறுமிக்கொண்டு நிற்கிறது. பின்னிருக்கையில் பிறேமா, பக்கத்தில் றீற்றா. தெருமுனையில் ஜேசுரட்ணம், தொப்பி இல்லாமல், வழுக்கி வழுக்கி ஓடிவருகிறார். மகள் இருக்கும் காரைக் கடந்து தன் காருக்கே போகிறார். கண்ணாடி முழுவதும் உறைபனி. சுரண்டுகிறார். உள்ளங்கை அகலம்தான் தெளிகிறது.

"இஞ்சாருங்கோ!" றீற்றா எட்டி முன்கதவைத் திறந்துவிடுகிறார். "ஏறுங்கோ!"

"ரெண்டு நிமிசம்! நான் கொண்டுபோறன் எண்டு சொன்னனான்!"

"அங்கிள், ப்ளீஸ், டைம் இல்ல."

அவர் சுரண்டியைப் பிடித்தபடி திரும்புகிறார். பிறேமா பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறாள்:

"அப்பா, குளிருது. ஏறுங்கோ, இல்லாட்டிக் கதவைச் சாத்துங்கோ."

இதற்கு மேல் என்னால் அவரை ஓர் அடி நகர்த்த முடியவில்லை. என் பாத்திரம்தான், ஆனால் நான் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. வாசகரே, அந்தக் கதவை நீங்கள்தான் சாத்தவேண்டும். அவரை உள்ளே வைத்தா, வெளியே விட்டா என்பது உங்கள் பாடு. கொஞ்சம் கெதியாக. அந்தப் பிள்ளை குளிரில் இருக்கிறாள்.