ஞாயிற்றுக்கிழமை கிளம்பாத கார்

"பேசாம எங்ககூட வந்து இருந்துருங்கம்மா."

"பொண்ணு ஊட்ல போயி உக்காந்துக்கச் சொல்றியா கண்ணு? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"பேசறவங்க வந்து உங்களுக்கு ஒரு சொம்பு தண்ணி மோந்து குடுக்கறாங்களா?"

"அதெல்லாம் விடு. நீ கூப்பிட்டா ஆவாது. மாப்பிள்ளை அவரு வாயால கூப்பிடட்டும், அப்பறம் பாக்கலாம்."

கொடுமுடியில் தனியாக இருக்கும் அம்மா சென்னியம்மாள் இதைச் சொன்னது போன பொங்கலுக்கு. அன்றிலிருந்து வர்ஷினி கணவன் கவினிடம் கேட்கப் பலமுறை வாயெடுத்துவிட்டாள். சரவணம்பட்டி வீட்டில் இருப்பதே இரண்டு அறை. ஒன்றில் மாமியார் சாந்தாமணி இருக்கிறார். இதில் இன்னொரு அம்மாவை எங்கே வைப்பது என்று அவன் கேட்டுவிட்டால்? ஒவ்வொரு முறையும் விழுங்கிவிட்டாள். அம்மா குளியலறையில் வழுக்கிக் கால் வீங்கிக் கிடந்தபோதும் விழுங்கினாள். கூட்டிவந்து இங்கே டாக்டரிடம் காட்டி, இரண்டு நாளில் திருப்பிக் கொண்டுபோய் விடலாம் என்பது கவினின் ஏற்பாடு. அதற்கே கார் வழிவிடவில்லை.

இந்த ஞாயிறும் சாவியைத் திருப்பியதும் 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

"போன மாசந்தான புது பேட்டரி போட்டீங்க?"

"போட்டேன்."

"மெக்கானிக்கைக் கூப்பிடலாங்க."

"பம்ப் கம்பெனியில மோட்டார் டிசைன் பண்றவன் ஒரு பேட்டரிக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டான்னா ஆபீஸ்ல சிரிக்க மாட்டாங்களா?"

"இப்ப மட்டும் யாரும் சிரிக்கலையாக்கும்."

வாரம் முழுவதும் அவன் பைக்கிலும் அவள் ஆபீஸ் வேனிலும் போவார்கள். கார் கவர் போர்த்திக்கொண்டு நிற்கும். சும்மா நிற்கும் கார் எப்படிக் கரண்ட் தின்னும் என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. முதலில் அவளுடைய போன் சார்ஜர் மேல் பழி போட்டான். அடுத்து அவள் கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்றான். இன்றைக்கு பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, நடுவில் கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரைச் சேர்த்தான்.

"நின்னுட்டிருக்கற வண்டி துளியூண்டு கரண்ட்தான் எடுக்கோணும். இது பாரு, அரை ஆம்பியர்! எந்த ஃபியூஸைப் புடுங்குனா இது எறங்குதோ, அந்தப் பக்கந்தான் திருடன்."

பானெட்டுக்குள் இருந்த ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். மீட்டர் அசையவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் இருந்தவற்றைப் பிடுங்க உள்ளே ஏறினான். ஏறும்போதெல்லாம் டேஷ்போர்டு மேல் இருந்த முருகன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சிவப்பு விளக்கு எரிய, முருகனின் தலைக்குப் பின்னால் ஒளிச்சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"எறங்குச்சா வர்ஷி?"

"இல்லீங்க."

"இப்ப?"

"இல்லீங்க."

"எல்லா ஃபியூஸும் கையில இருக்குது. இன்னும் எப்படி இழுக்கும்?"

அம்மாவிடமிருந்து போன் வந்தது. "கெளம்பிட்டீங்களா கண்ணு?" வர்ஷினி பல்லைக் கடித்துக்கொண்டு, "கெளம்பிட்டே இருக்கறம்மா" என்றாள். போனை வைத்தவளின் பார்வை கண்ணாடி வழியாக உள்ளே போனது.

"ஏனுங்க, சாவி எங்கே?"

"பாக்கெட்ல."

"அப்பறம் சாமி எப்படி எரியுது?"

கவின் முருகனைப் பார்த்தான். கையிலிருந்த ஃபியூஸ்களைப் பார்த்தான். முருகனின் பீடத்துக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். மெல்லிய வயர் ஒன்று கார்ப்பெட்டுக்குள் ஒளிந்து பானெட் வரை போய், நேராக பேட்டரியின் பிளஸ் முனையில் முடிந்திருந்தது. அதைப் பிடுங்கியதும் மீட்டர் சரிந்தது. சக்கரம் நின்றது.

"அம்மா!"

கையில் காபியோடு வந்த சாந்தாமணி முருகனைத்தான் முதலில் பார்த்தார். "என்னடா, சாமியை அணைச்சுப்போட்டே?"

"பேட்டரியில நேரா மாட்டச் சொன்னது யாரு?"

"நாந்தான். சென்னிமலையில ஆசையா வாங்கியாந்தேன். கார்ல மாட்டிக் குடுத்த கடைக்காரத் தம்பி, வண்டி நின்னா வெளக்கும் அணைஞ்சுரும்னு சொல்லிச்சு. சாமியை அப்படி அணைக்கலாமா? எப்பவும் எரியற மாதிரி மாத்திக் குடு தம்பின்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சாமிக்கு வெளக்கு வெக்கறதுக்கு உன்னையக் கேக்கோணுமா?"

"அது பொம்மைம்மா!"

"பொம்மையா இருந்தா எதுக்குடா ஏறயில எல்லாம் தொட்டுக் கும்புடற?"

வர்ஷினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கவின் அவளை முறைத்தான். "சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற லைன்ல மாத்திடறேன். வண்டி ஓடறப்ப எரியட்டும், போதும். வர்ஷி, பக்கத்து வீட்டு பவன் கார்ல இருந்து ஜம்ப் கேபிள் மாட்டி ஸ்டார்ட் பண்ணிக்கலாம்."

"வாரம் பூரா கவரைப் போட்டு மூடி, இருட்டுல ஒத்தையில உக்கார வெப்பியா? பாவமில்லையாடா?" சாந்தாமணிக்கு உண்மையாகவே குரல் கம்மியது.

வர்ஷினியின் சிரிப்பு நின்றுவிட்டது. அவளுக்கே தெரியாமல் குரல் உயர்ந்தது.

"எங்கம்மாவும் ஒத்தையிலதான் அத்தை இருக்கறாங்க. வீங்குன காலோட, செவுத்தைப் புடிச்சுட்டு."

கவின் கையைத் துடைத்துக்கொண்டே, "அதுக்குத்தான இப்பக் கூட்டியாரப் போறோம்? டாக்டர்கிட்டக் காட்டிட்டு…" என்றான்.

"காட்டிட்டுத் திருப்பிக் கொண்டுபோய் விடறதுக்கில்லீங்க." வர்ஷினி மாமியார் முகத்தைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை விழுங்கவில்லை. "எங்கம்மா இங்கயே, நம்மகூடவே இருக்கட்டுங்க. நான் கூப்பிட்டா வரமாட்டாங்க. நீங்க உங்க வாயால கூப்பிடுங்க."