பிஸ்கட் பேணியில் பைன் பிசின்

இறக்குமதியை நிறுத்திய வருடம் அது. யாழ்ப்பாணத்துக் கடைகளில் குங்கிலியம் இல்லை. குங்கிலியம் இல்லாவிட்டால் குருநகர் வள்ளங்கள் ஒழுகும். பலகைக்கும் பலகைக்கும் இடையில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறுக்கி, அதன்மேல் உருக்கிய குங்கிலியப் பிசினைப் பூசுவார்கள். கலப்பற்று என்பது அந்த வேலைதான். சூசைதாசனின் ஒரே வள்ளம் மூன்று கிழமையாகக் கரையில் கிடந்தது. கடலில் இறால் வந்துவிட்டது.

அப்போதுதான் அவருடைய மனைவியின் தம்பி கனிசியஸ், மலைநாட்டில் பண்டாரவளையில் கிளாக்கர் உத்தியோகம் பார்ப்பவன், ஒரு தகரப் பிஸ்கட் பேணி நிறையப் பைன் பிசினோடு வந்து இறங்கினான். பட்டையில் காயம் பட்டால் பைன் மரம் பிசினைக் கசியவிட்டுத் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும். அப்படி வழிந்து இறுகிய இடங்களைத் தேடி, ஞாயிறு தோறும் பூசைக்குப் போகாமல் கரண்டியால் சுரண்டிச் சேர்த்திருந்தான். அதற்காக அவனைப் பாராட்டலாம். அதற்குமேல் பாராட்ட அவனிடம் ஒன்றுமில்லை.

மூக்கில் லேஞ்சித் துணியைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தைச் சுற்றி வந்தான். பிசினோடு காய்ச்சச் சூசைதாசன் எண்ணெய்ப் போத்தலை எடுத்ததும் தடுத்தான்.

"உந்த ஊத்தை எண்ணெயை இதுக்குள்ளை விடாதேங்கோ அத்தான். இது சுத்தமான சாமான். நான் செய்து காட்டுறன்."

"சரி துரை. இடப்பக்கம் உம்மடை, வலப்பக்கம் என்ரை. ஆனால் கலப்பற்று அடிச்சவன் முதல் ஓட்டத்துக்கு வரவேணும். அது எங்கடை வழக்கம்."

பச்சைப் பைன் பிசினில் டர்ப்பன்டைன் இருக்கிறது. காய்ச்சினால் அது ஆவியாகிப் போய்விடும், பிசின் இறுகும். இதுவரை கனிசியஸ் சரி. ஆனால் அப்படி இறுகிய பிசின் கண்ணாடி மாதிரி, பளபளக்கும், வளையாது. வள்ளத்தின் பலகைகளோ அலைக்கு அலை அசையும். அவற்றோடு பிசினும் வளைந்துகொடுக்கத்தான் எண்ணெய். சூசைதாசன் தன் பங்கில் எண்ணெய் விட்டு, ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டு ஆறவைத்து மடித்துப் பார்த்தார். முறியவில்லை. கனிசியஸ் தன் சொட்டில் முகம் தெரிகிறதா என்று பார்த்தான்.

எதற்காக விட்டுக்கொடுத்தீர் என்று மனைவி கேட்டாள். பிசின் எத்தனை முறையும் உருகும், வீணாகாது என்றார். இன்னும் இரண்டு நாள் போனாலும் உன் தம்பியின் வாய் அடங்கட்டும் என்றார்.

திங்கள் காலை நல்ல காற்று. நூறு யார் தூரம் போகுமுன் இடப்பக்கத்துப் பிசின் படபடவென்று வெடித்தது. தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியதும் கனிசியஸ் வெள்ளைக் காற்சட்டையோடு வள்ளத்தின் முன் அணியத்தில் தொற்றிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டான்.

"அத்தான், தாழப்போறம்."

"இறங்கி நில்லும்."

இறங்கினான். தண்ணீர் இடுப்பளவுதான்.

சூசைதாசன் பிஸ்கட் பேணியை அவனிடம் நீட்டி, உள்ளே நிற்கும் தண்ணீரை அள்ளி ஊற்றச் சொன்னார். கரையில் வள்ளத்தைக் காயவிட்டு, இடப்பக்கத்துப் பிசின் சில்லுகளை ஒன்றுவிடாமல் சுரண்டி, எண்ணெயோடு மறுபடி உருக்கினார். சட்டியைப் பிடிக்கக் கனிசியஸைத்தான் வைத்தார்.

புதன்கிழமை வள்ளம் ஒரு சொட்டும் ஒழுகாமல் போய், இறாலோடு திரும்பியது. கனிசியஸ் கரையில் காத்து நின்றான். விரல்கள் பிசினில் ஒட்டிக் கிடந்தன. இரண்டு கட்டிச் சவர்க்காரம் தேய்த்தும் போகவில்லை. பிசின் தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்குத்தான் இளகும். அதை அக்காதான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"அத்தான், அந்த எண்ணெயிலை கொஞ்சம்..."

சூசைதாசன் போத்தலைக் காலால் அவன் பக்கம் தள்ளிவிட்டார்.

"பார்த்து, துரை. ஊத்தை பிடிச்சுப்போடும்."