வாணம் கிளம்பிய வீடு

1

இந்தக் கதை என் கைப்பேசியில் பிறந்தது. கோயில் நாட்காட்டிக்குப் படம் தேர்ந்தெடுக்கும் வேலையைத் தலைவர் பரமேஸ்வரன் என் தலையில் கட்டினார். (சிம்பாங் அம்பாட்டில், எங்கள் தாமான் குடியிருப்பில் எது நடந்தாலும் எனக்குத் தெரிந்துவிடுகிறது என்பது அவருடைய குறை. வேலை கொடுத்தால் வாய் ஓயும் என்று நினைத்திருப்பார்.) தீபாவளியன்று தனேஷ் எடுத்த வாணவேடிக்கைப் படம் வந்து சேர்ந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கறுப்புப் பட்டு விரித்தாற்போன்ற வானத்தில்...’

வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

2

தனேஷ் பகலில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவன். மற்ற நேரமெல்லாம் கேமராவோடு குடித்தனம். அன்று என் வீட்டு மாடி பால்கனியில்தான் முக்காலியை நிறுத்தினான். எனக்கும் நல்லதாகப் போயிற்று. சும்மா நின்று வேடிக்கை பார்த்தால்தானே ஊர் தப்பாகப் பேசும்.

“ஷட்டர ரொம்ப நேரம் தொறந்து விட்டுருவேன்க்கா. வெளிச்சம் போற பாதை முழுக்கக் கோடா விழும்.”

“ஆளுங்க?”

“அசையாம நின்னா விழுவாங்க. அசைஞ்சா இருட்டோட கரைஞ்சிடுவாங்க.”

படத்தில் தாமானையே மூடுகிற மாதிரி ஒரு தங்கப்பூ. அதன் காம்பு நேராகக் கீழே இறங்கி ஒரு வீட்டுக் கொல்லையில், நீலப் பீப்பாய்க்கும் கொய்யா மரத்துக்கும் நடுவில் முடிகிறது.

“இது யார் வீடுன்னு தெரியுதா?”

“யார் வீடா இருந்தா என்னக்கா? பூவப் பாருங்கலா!”

அவன் பூவைப் பார்க்கிறான். நான் காம்பைப் பார்க்கிறேன். அது தேவமலர் வீடு. அவள் கணவன் மணியம் ஆவணியில் இறந்தான். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகை கிடையாது. முறுக்குச் சட்டி அடுப்பேறாது, ஒரு மத்தாப்புக்குச்சிகூட எரியாது.

3

இங்கே ஒரு வில்லி தேவை. தேடவே வேண்டியிருக்கவில்லை. மணியத்தின் அக்கா விஜயராணி தெங்கேராவில் இருக்கிறார். “புருஷன் போன துக்கம் அவ மூஞ்சில இருக்கா பாரு” என்று ஏற்கெனவே சொல்லித் திரிகிறவர். இந்த நாட்காட்டி அவர் வீட்டுச் சுவரிலும் தொங்கும். முழுசாய் ஒரு வருடம்.

கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் தேவமலர் வீட்டுக்குப் போய்ப் படத்தைக் காட்டினேன்.

‘அவள் கண்கள் குளமாகி...’ ஆகவில்லை. கதைக்கு ஒத்துழைக்காத பெண்.

“ஆமாக்கா, நாந்தான். போன தீவாளில இருந்ததுலயே பெருசு. இந்த வருஷத்துக்குன்னு அவரு எடுத்து வச்சாரு.”

“அடுத்த வருஷம் கொளுத்தியிருக்கலாமே, மலரு?”

“இப்பவே பாதி நமுத்துப் போச்சு. அடுத்த வருஷம் வெடிக்கலன்னா?”

நானே பேச்சை மாற்றிக் கறிவேப்பிலை கேட்டேன். (அபூர்வம். குறித்துக்கொள்ளுங்கள்.)

அவள் படத்தை விரலால் பெரிதாக்கினாள். “நான் எங்கக்கா?”

“கொளுத்திட்டு ஓடியிருப்ப. அசைஞ்சா விழாதாம்.”

“அவரு ஓடமாட்டாரு. பக்கத்துலயே நின்னு அண்ணாந்து பாப்பாரு, கிறுக்கு மனுசன்.” கைப்பேசியைத் திருப்பித் தந்தாள். “கீழ வெட்டிட்டுத்தான் போடுவீங்களா?”

வெட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டாளா, சும்மா கேட்டாளா? முகத்தைப் பார்த்தேன். ஊரில் எல்லார் முகத்தையும் படிக்கிறவள் நான். தெரியவில்லை.

4

முடிவு ஒன்று: அடிப்பகுதியை வெட்டிவிடுகிறேன். பூ காம்பில்லாமல் மிதக்கிறது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வாணத்தை யாருமே கொளுத்தவில்லை.

முடிவு இரண்டு: முழுப் படமும் அச்சாகிறது. விஜயராணி மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார்.

முடிவு மூன்று: விஜயராணி தம்பியை நினைத்து மனம் மாறி... இதை எழுத எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பீப்பாய் நீலம் இல்லை. மரமும் கொய்யா இல்லை. பெயர்களும் அவர்களுடையவை அல்ல. ஆக, கதையின் அடிப்பகுதியை முன்பே வெட்டித்தான் உங்களிடம் தந்திருக்கிறேன். படத்தை மட்டும் இன்னும் தொடவில்லை. “எந்தப் படம்லா?” என்று பரமேஸ்வரன் மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டார்.

நீங்களே சொல்லுங்கள், வெட்டவா, விடவா? சொல்வதற்கு முன் ஒன்று. உங்கள் வீட்டில் துக்கம் விழுந்த வருடம், தீபாவளியன்று கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்தீர்கள் என்று நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.