படம் நிற்கும் வளைவு

சரஸ்வதி பூஜையன்று காலை, அம்மா என் கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனம் இட்டுக் குங்குமம் வைத்து, புத்தக அடுக்குக்குப் பக்கத்தில் அதையும் உட்கார்த்திவிட்டாள்.

"நாளைக்குக் கார்த்தால புனர்பூஜை ஆற வரைக்கும் தொடப்படாது, அச்யுத்."

"நாளன்னிக்குப் போட்டிம்மா."

"சரஸ்வதி பாத்துப்பா."

கிண்டியில் வேறொரு கல்லூரி நடத்தும் விழாவில் கம்ப்யூட்டரில் ஓட்டும் கார் ரேஸ் போட்டி. எங்கள் கல்லூரியிலிருந்து ஒருவன்தான் போகலாம். நானா, என் வகுப்பு நதீமா என்று முடிவு செய்ய, போன வாரம் அவன் லேப்டாப்பை எங்கள் வீட்டுக்கே எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் கேபிளால் இணைத்து மூன்று ரேஸ் ஓட்டினோம். அவரவர் மெஷினில் அவரவர் ஓட்டுவது என்று ஏற்பாடு. யோசனை என்னுடையது. மூன்றிலும் ஒன்றிரண்டு வினாடி வித்தியாசத்தில் நான்தான் ஜெயித்தேன்.

"நம்ம கைல ஸ்பீடு இல்ல மச்சி, நீயே போ," என்றான் நதீம்.

அதற்கு முந்தைய வாரம்தான் ரிச்சி தெருவில் ஒரு புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி என் டெஸ்க்டாப்பில் சொருகியிருந்தேன். அவனிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு இந்தச் சமாதானம் போதும். நதீமின் லேப்டாப் துபாயிலிருந்து அவன் மாமா அனுப்பியது, கணக்கு வழக்கு பார்க்கிறவர்களுக்காகச் செய்தது. அதைத் திறந்து கார்டு சொருக இடமே கிடையாது. படம் வரைய என் மெஷினில் தனியாக ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான், அவனுடையதில் எல்லா வேலையையும் ஒரே ஆள் பார்க்கிறான். இவ்வளவுதான் விஷயம். ராயப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் வீட்டுப் பையனுக்கு இதை யார் சொல்வார்கள்? எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

பூஜைக்கு முதல் நாள் மாலை பேச்சுவாக்கில் நதீமிடம், வருஷா வருஷம் அம்மா போடும் தடையைச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் லேப்டாப்பை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். "இத்த வெச்சிக்கினு பிராக்டிஸ் பண்ணு. காலேஜ் பேரக் காப்பாத்து," என்று கொடுத்துவிட்டு, உள்ளேகூட வராமல் போனான்.

பூஜை முடிந்து, என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதே ரேஸை அதில் ஓட்டினேன். நேர்ச்சாலையில் பரவாயில்லை. வளைவு வந்ததும் படம் நின்றது. மறுபடி அசைந்தபோது என் கார் மரத்தில் மோதிக் கிடந்தது. திரையில் எதிரே வருகிற வண்டி, ஈரத் துணியால் துடைத்த கோலம் மாதிரி இழுபட்டுத் தெரிந்தது. பத்து தடவை ஓட்டினேன். நான் எடுத்த மிகக் குறைந்த நேரம் இரண்டு நிமிடம் நாற்பத்தொரு வினாடி. பட்டியலில் மேலே நதீமின் பெயர் இருந்தது. இரண்டு நிமிடம் பதினாலு.

இதில் ஓட்டித்தான் அவன் என்னிடம் இரண்டு வினாடியில் தோற்றிருக்கிறான். தன் கையைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறான்.

சாயங்காலம் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அம்மா தொன்னையில் சுண்டல் கொடுத்து அவனை என் அறைக்கு அனுப்பினாள்.

"இன்னா மச்சி, எவ்ளோ வந்துச்சு?"

"ரெண்டு நாப்பத்தொண்ணு."

சிரித்தான். "கலாய்க்காத." நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். "மூணாவது வளைவாண்ட படம் நிக்கும். பயந்துகினு கைய எட்த்துடாத. கண்ண நம்பாத. மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு எண்ணு. எண்ணிட்டு லெஃப்ட்ல ஒடி. படம் வரும்போது நீ ரோட்லதான் இருப்ப. நான் ஒரு மாசமா அப்டித்தான் ஓட்றேன்."

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

"நதீம், என் மெஷின்ல படம் நிக்காதுடா. புது கார்டு போட்டிருக்கேன். நாம ரேஸ் வைக்கறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன்."

சுண்டலை வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

"நிக்கவே நிக்காதா?" என்றான், அவ்வளவு ஆசையாக. "வளைவு ஃபுல்லா தெரியுமா?"

நான் தலையாட்டினேன். நதீம் கண்ணை மூடிக்கொண்டான். மடியில் இருந்த அவன் இடது கை, இல்லாத ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பியது.