இரண்டு டிஸ்க், ஒரு முழு ஆட்டம்

"ஒண்ணும் ஆகலை மார்னி, சும்மா ஒரு சின்ன சந்தேகம்" என்று அப்பா போனில் ஆரம்பித்தபோதே பெரிதாக ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் சின்னச் சந்தேகத்துக்கெல்லாம் யாரும் போன் செய்வதில்லை. அம்மாவுக்குப் பித்தப்பையை எடுத்ததையே வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார்கள்.

"சொல்லு."

"கம்ப்யூட்டர்ல போன மார்ச்சுக்கு அப்புறம் எதுவுமே இல்லை. டெஸாவோட இந்த சீசன் ஆட்டம் ஒண்ணுகூட இல்லை. ஆனா நீ கவலைப்படாதே. ரெண்டு டிஸ்க்கையும் ஒண்ணா ஆக்கவான்னு கேட்டுச்சு, ஆமான்னு அழுத்திட்டேன். ஓடிட்டிருக்கு."

"எதுலேர்ந்து எதுக்கு ஓடுது?"

"நல்ல டிஸ்க்லேர்ந்து கெட்ட டிஸ்க்குக்கு."

"எது நல்லதுன்னு நீ எப்படி முடிவு பண்ணே?"

"இப்ப கம்ப்யூட்டரைக் கிளப்பியிருக்கே, அதுதான்."

"அப்பா, பிளக்கைப் பிடுங்கு."

"அணைக்காதேன்னு திரையிலேயே போட்டிருக்கு..."

"பிடுங்குன்னு சொல்றேன்ல!"

பிடுங்கினார். அதுவரை எவ்வளவு அழிந்ததோ தெரியாது. மறுநாள் சனிக்கிழமை காலையில் காரைக் கிளப்பினேன். நான் வேலை பார்க்கும் டுலூத் நகரத்திலிருந்து எங்கள் ஊருக்கு வடக்கே போகும் சாலை முழுக்கப் பனி. வழியெல்லாம் தனியாகத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படித்தது நீரியல். ஆறு, ஏரி, சுரங்கத்திலிருந்து கசியும் தண்ணீர், இவைதான் என் பாடம். ஆனால் பட்டம் வாங்கிய நாளிலிருந்து டிவி ரிமோட், வருமான வரி, அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் என் துறையாகிவிட்டன. "படிச்சவ இருக்கா, பாத்துப்பா." ஆற்றங்கரையில் நாங்கள் பொருத்தி வைக்கும் அளவுக் கருவிகள் குளிரில் செத்துப்போகும், அவற்றிலிருந்து பதிவுகளை மீட்டெடுப்பது என் வேலையில் பாதி. அதனால் டிஸ்க் விஷயம் எனக்குக் கொஞ்சம் தெரியும். அவர்கள் என்னைக் கூப்பிட்டது அது தெரிந்து அல்ல.

இந்த முறை போகாமல் இருக்க முடியவில்லை. காரணம் டெஸா. என் தங்கை, பள்ளியில் கடைசி வருஷம், பெண்கள் பனி ஹாக்கி அணியின் கோல்கீப்பர். தெற்கே ஒரு கல்லூரியின் பயிற்சியாளர் அவளுக்கு எழுதியிருந்தார்: கோல்கீப்பருக்கு ஓர் இடம் இருக்கிறது, படிப்புச் செலவைக் கல்லூரியே ஏற்கும். இந்த சீசனில் நீ ஆடிய ஆட்டம் இரண்டு, வெட்டாமல் முழுதாக, ஞாயிறு மாலைக்குள் அனுப்பு. நான் நான்கு வருஷம் விடுதிச் சமையலறையில் தட்டுக் கழுவித்தான் படித்தேன். அந்தக் கொதிநீர் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அவளுக்கு அது வேண்டாம்.

பள்ளியில் கேமரா இருக்கிறது. பையன்களின் ஆட்டத்துக்கு மட்டும். பெண்கள் ஆட்டத்தை எடுப்பது அரங்கின் மேல் வரிசையில் முக்காலியோடு நிற்கும் அப்பா ஒருவர்தான். அந்த வீடியோ எல்லாம் இந்தக் கம்ப்யூட்டரில்தான்.

வீட்டின் அடித்தள அறையில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், அது பக்கப்பலகை கழற்றப்பட்டுக் கிடந்தது. அப்பா சுரங்கத்தில் வீட்டளவு உயர லாரி ஓட்டுபவர். எதையும் திறந்து பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

"கேமரா கார்டு எங்கே?" என்றேன்.

"ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அழிச்சுட்டுத்தானே அடுத்ததை எடுப்பேன்? அதான் ரெண்டு டிஸ்க் இருக்கே. ஒண்ணு போனா இன்னொண்ணு. வித்தவன் அப்படித்தான் சொன்னான்."

"ஒண்ணு போச்சுன்னா உடனே புதுசு மாத்தணும்னும் சொல்லியிருப்பான். போனது உனக்குத் தெரியவே இல்லையா? கத்தியிருக்குமே?"

அப்பா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "கத்திச்சு. போன மார்ச்ல. நான் மேட்ச் பாத்துட்டிருக்கும்போது கீ கீன்னு ஒரே சத்தம். உள்ளே சின்னதா ஒரு ஸ்பீக்கர் இருந்துச்சு. ஒயரைப் புடுங்கினேன். நின்னுடுச்சு."

"சத்தம் நின்னுச்சு."

"அதைத்தானே சொல்றேன்."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். நடந்தது இப்போது தெளிவாகிவிட்டது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் ஒரே விஷயம் எழுதப்பட வேண்டும். போன மார்ச்சில் ஒன்றின் கேபிள் தளர்ந்து அது கழன்றுகொண்டது. கம்ப்யூட்டர் அலறியது; அதன் வாயை அடைத்தாயிற்று. அதற்குப் பிறகு எல்லாமே மற்ற டிஸ்க் ஒன்றில் மட்டும்தான் எழுதப்பட்டது. போன வாரம் அதுவும் தடுமாற ஆரம்பித்தது. அப்பா பெட்டியைத் திறந்து எல்லாக் கேபிளையும் அழுத்திவிட்டார். தூங்கிக்கொண்டிருந்த பழைய டிஸ்க் விழித்துக்கொண்டு, தன்னிடம் இருந்த மார்ச் மாதத்தைக் காட்டியது. அப்பா அதை நல்ல டிஸ்க் என்று நம்பி, மற்றதையும் அதைப் போலவே ஆக்கச் சொல்லியிருக்கிறார். இந்த சீசனின் மேல் போன வருஷத்தைப் பூசச் சொல்லியிருக்கிறார்.

"எவ்வளவு போச்சு?" டெஸா படியின் மேலிருந்து கேட்டாள். உடம்பில் இன்னும் பயிற்சி உடை. தலை ஈரம்.

"டிஸ்க்கோட முன்பக்கம் கொஞ்சம். எந்தக் கோப்பு எங்கே இருக்குன்னு குறிச்சு வெச்ச இடமே அங்கேதான். பின்னாடி இருக்கிறது பொழைச்சிருக்கலாம், ஆனா பேரில்லாமத்தான் கிடைக்கும்."

"கிடைக்குமா, கிடைக்காதா? அதைச் சொல்லு."

"தெரியாதுடி."

"படிச்சிருக்கேல்ல?"

"ஆமாம், சுரங்கத் தண்ணியில மீன் எப்படிச் சாகுதுன்னு படிச்சேன்!"

போன வாரம் தடுமாறியதுமே அப்பா வாங்கி வைத்திருந்த புது டிஸ்க் ஒன்று உபயோகப்பட்டது. சாகப்போகும் டிஸ்க்கைத் தனியாக எடுத்து என் லேப்டாப்பில் செருகி, அதில் படிக்க முடிந்ததை எல்லாம் புதியதுக்கு அப்படியே பிரதி எடுக்கச் சொன்னேன். படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போகச் சொன்னேன். பிறகு அந்தப் பிரதியில்தான் தேட வேண்டும். மூலத்தைத் தொடக் கூடாது. இதை அப்பாவிடம் மூன்று விதமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கையை நீட்டி டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தார்.

"சூடா இருக்கு."

"அப்பா!"

"சும்மா தொட்டேன்."

"மேல போ. போய் வாசல்ல பனியைத் தள்ளு."

"தள்ளியாச்சு."

"பக்கத்து வீட்டுல தள்ளு."

அம்மா உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் போட்டுச் சுட்ட, ஹாட்டிஷ் என்கிற எங்கள் ஊர்ச் சாப்பாட்டை ஒரு தட்டில் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தாள். "அவரைப் பாத்துக் கத்தாதே. தினமும் அந்தக் குளிர்ல நின்னு எடுத்தது அவர்தான்" என்றாள். அது உண்மை. அதனால் என் எரிச்சல் ஒன்றும் குறையவில்லை.

பிரதி முடிந்து, தேடல் முடிந்தபோது பெயரில்லாத வீடியோக்கள் வரிசையாக வந்து விழுந்தன. வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். டெஸா என் பக்கத்தில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தாள். மான் வேட்டைக் குடிசை. மான் வேட்டைக் குடிசையில் அப்பாவின் கட்டைவிரல். பக்கத்து வீட்டுக்காரர் பனி வண்டியை ஏரிக்குள் விட்டது. அது முழுதாக, அற்புதமாக இருந்தது. பிறகு ஆட்டங்கள். ஒன்று சிறிது நேரம் ஓடிப் பச்சைக் கட்டங்களாக உடைந்தது. இன்னொன்றில் எங்கள் அணி வெள்ளைச் சட்டையில் ஆரம்பித்து, சட்டென்று நீலச் சட்டைக்கு மாறி, வேறு ஊர் அரங்கில் ஆடியது. அடுத்தது திறக்கவே இல்லை. நான் கீபோர்டைக் குத்தினேன்.

"ஏன் எல்லாம் துண்டு துண்டா இருக்கு?" என்றாள் டெஸா.

அப்பாவைக் கீழே கூப்பிட்டேன். பனித் தள்ளுக்கட்டையோடு வந்தார்.

"இந்த ஆட்டத்தையெல்லாம் என்ன பண்ணே?"

"என்ன பண்ணேன்? சும்மா கொஞ்சம் வெட்டினேன்."

"என்னத்தை வெட்டினே?"

அப்பா தள்ளுக்கட்டையில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினார். டெஸாதான் மெதுவாகக் கேட்டாள். "நான் கோல் விட்டதை எல்லாம் வெட்டிட்டியா?"

"எதுக்கும்மா அதெல்லாம்? நீ தடுத்தது மட்டும் இருந்தா பாக்க நல்லா இருக்கும்ல. வெட்டிட்டு, அதையே திரும்ப சேமிச்சு, பழசை அழிச்சுட்டு..."

"அவர் வெட்டாம வேணும்னு எழுதியிருக்கார்!"

"அவர் இப்பத்தானே எழுதினார்!"

வெட்டி, சேமித்து, அழித்து, மறுபடி சேமித்து. ஒவ்வொரு ஆட்டமும் டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடந்தது. பெயர்ப்பட்டியல் போன பிறகு அந்தத் துண்டுகளைச் சேர்க்க யாராலும் முடியாது. அதைத்தான் நான் கத்தினேன். அம்மா மேலேயிருந்து கதவைச் சாத்தினாள்.

கடைசிக் கோப்பு மிகப் பெரியதாக இருந்தது. திறந்தேன். அரங்கு, மேல் வரிசைக் கோணம், வெள்ளைச் சட்டை, வலையில் டெஸா. ஓடியது. நடுவில் இழுத்துப் பார்த்தேன், ஓடியது. இறுதியில் இழுத்தேன். ஆட்டம் முடிந்து இரு அணியும் கைகுலுக்கும் வரிசை வரை இருந்தது.

"இது முழுசு!" என்றேன்.

டெஸா முன்னால் குனிந்து எதிர் அணியின் சட்டையைப் பார்த்தாள். "ஐயோ."

நகரத்துப் புறநகர்ப் பள்ளி ஒன்றோடு ஆடிய ஆட்டம். எங்கள் பெண்கள் பாதிப் பேருக்குக் காய்ச்சல். ஏழுக்கு ஒன்று என்று தோற்றார்கள்.

"இதை மட்டும் ஏன் வெட்டலை?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"கார்டுலேர்ந்து ஏத்தினேன். திறக்கவே இல்லை." சுவரைப் பார்த்துச் சொன்னார். "என்னால முடியலை."

ஒரு தடவை எழுதிவிட்டுக் கை வைக்காததால் ஒரே நீளமாக இருந்தது. அவர் ஆசையாகத் தொட்டதெல்லாம் போய்விட்டது, தொடப் பயந்தது மட்டும் தப்பியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இதை அனுப்பாதே" என்றார் அப்பா. "ஏழு கோல் விட்டதைப் பாத்துட்டு எவன் சேத்துப்பான்? கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு எழுது. இன்னும் ஒரு வாரம் கேளு."

"அவருக்குக் கோல்கீப்பர் வேற எத்தனையோ பேர் எழுதியிருப்பாங்க" என்றாள் டெஸா. "என் வலையை நோக்கி அன்னைக்கு எவ்வளவு அடிச்சாங்க தெரியுமா? அறுபது. வேற எந்த ஆட்டத்துல எனக்கு அவ்வளவு வேலை இருந்துச்சு? அனுப்பறேன்."

"மார்னி, நீ சொல்லு அவகிட்ட."

"அவ அனுப்பட்டும். ஆனா யாராவது முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஓட்டிப் பாக்கணும். நடுவுல எங்கேயாவது உடைஞ்சிருந்தா தெரியணும். எனக்குக் கண் எரியுது. நீ உட்காரு அப்பா."

"நானா?"

"நீதான்."

உட்கார்ந்தார். முதல் கோலுக்குக் கண்ணை மூடினார். "திற, உடைஞ்சிருக்கான்னு பாக்கணும்" என்றேன். மூன்றாவது கோலுக்கு எங்கள் அணியின் தற்காப்புப் பெண்ணைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். இரண்டாம் பகுதியில், அடுத்தடுத்து மூன்று அடிகள் வந்தன. டெஸா படுத்து, புரண்டு, கால்கவசத்தால் மூன்றையும் தட்டிவிட்டாள். அப்பா அதை மறுபடி ஓட்டினார். மறுபடியும். "நான் அங்கேயேதான் நின்னேன். இதைப் பாக்கவே இல்லையே" என்றார்.

"போதும், மேல ஓட்டு" என்றேன்.

கடைசிப் பகுதியில், எதிர் அணி வலையை நெருங்கும்போது, திரை சாம்பல் கட்டங்களாகச் சிதறியது. திரும்ப வந்தபோது அவர்கள் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஏழாவது கோல் நடந்த இடம் டிஸ்க்கின் படிக்க முடியாத இடம்.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார். அன்று முதல் முறையாக முகம் மலர்ந்தது. "போச்சு! பாத்தியா, அது போச்சு! இப்ப ஆறுதான்!"

டெஸா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். பயிற்சியாளருக்குக் கடிதம் தட்ட ஆரம்பித்தாள். வாசித்துக்கொண்டே தட்டினாள்: என்னிடம் ஒரு முழு ஆட்டம்தான் இருக்கிறது. இதில் நாங்கள் தோற்றோம். மூன்றாம் பகுதியில் சில விநாடிகள் படம் தெரியாது. அங்கே நான் ஒரு கோல் விட்டேன்.

"அதை ஏன்டி எழுதறே?" அப்பா எழுந்தே விட்டார். "அதான் இல்லையே!"

"நான் விட்டேன்ல?"

அப்பா என்னைப் பார்த்தார். டெஸா அனுப்பு பட்டனை அழுத்தினாள். எங்கள் ஊர் இணையத்தில் அது மேலே ஏறுவதற்கு ஞாயிறு மதியம் ஆகிவிடும். லேப்டாப்பின் பவர் ஒயருக்குப் பக்கத்தில் நின்றிருந்த அப்பாவைத் தோளைப் பிடித்து நகர்த்தி, படியை நோக்கித் திருப்பிவிட்டேன்.