கிறுக்கி வைத்த தட்டுகள்

“ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு நீங்க வாய் திறந்து சொல்லியிருந்தா...”

“பிளான்ல என்ன கீறிக் கிடந்ததோ அதைத்தான் மிஸ் நான்...”

“பிளானைக் கீறினவள் நான். எனக்குத் தெரியா. உங்களுக்குத் தெரியுந்தானே?”

“தெரியும். கேட்டாத்தானே சொல்ல.”

“கேக்காட்டிச் சொல்லமாட்டிங்களா காக்கா? மூணு நாளா இதில நிண்டு தட்டு வார்த்திருக்கிறீங்க.”

புஸ்பத்தின் குரல் உயர்ந்தபோது, சிலைக்கதவில் உளி போட்டுக்கொண்டிருந்த சிற்பி நல்லரத்தினம் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். காக்கா என்று எல்லோரும் அண்ணன் முறை கொண்டாடும் மேசன் பக்கீர் சாந்துக் கரண்டியைத் தண்ணீர் வாளிக்குள் போட்டார். அவருக்குக் கோபம் வந்தால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவார். புஸ்பத்துக்குக் கோபம் வந்தால் படக்கடதாசியைச் சுருட்டிச் சுருட்டி விரிப்பாள். இரண்டும் இப்போது நடந்தன.

நாவற்குடாவில் வாவியை ஒட்டியிருந்த அந்த வெறுங்காணியில், யுத்தநிறுத்தம் வந்த இரண்டாம் வருடம், காணாமற்போனவர்களுக்காக ஒரு சிலைப்பூங்கா எழும்பிக்கொண்டிருந்தது. மனித உருவம் ஒன்றுகூட அதில் இல்லை. ஆளில்லாத சைக்கிள், விரித்த குடை, சுவரில்லாமல் தனியே நிற்கும் ஒரு கதவு. எல்லாம் நல்லரத்தினம் சீமெந்தில் செய்தவை. வருகிறவர்களுக்கான வசதிகள் மட்டும் புஸ்பத்தின் பொறுப்பு. மழைத்தண்ணீர் பிடிக்கும் தொட்டி, நிழலுக்குப் பூவரசங் கன்றுகள், கிடுகால் மறைத்த கக்கூஸ் நாலு.

மூன்றடி தோண்டினால் தண்ணீர் ஊறும் மண் அது. குழி வெட்டினால் கழிவெல்லாம் கிணற்றுக்கும் வாவிக்கும் போய்ச் சேரும். அதனால் அவள் கக்கூஸை நிலத்துக்கு மேலே, அஞ்சு படி உயரத்தில் அமைத்திருந்தாள். கீழே இரண்டு அறைகள். ஒன்று நிறைந்ததும் சாம்பல் போட்டு மூடிவிட்டு மற்றதைப் பாவிக்க வேண்டும்; வருடம் ஒன்று போனால் உரம். சிறுநீர் வேறாக ஓடி வாழைப் பாத்திக்குப் போகும். “என்ட சிலைகளை விட உன்ட கக்கூஸ்தான் பிள்ள உயரம்” என்று நல்லரத்தினம் பகிடி பண்ணுவார். பக்கீர் அதற்கு ஆகாசக் கக்கூஸ் என்றே பேர் வைத்திருந்தார்.

அன்று காலை நஸீறா வந்து போனாள். ஒரு காலத்தில் ஒரே கந்தோரில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருந்து இருவரும் படம் கீறியவர்கள். தொண்ணூறில் நஸீறாவின் புருசன் ஏறாவூருக்கு என்று போனவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவளும் ஓட்டமாவடியோடு நின்றுவிட்டாள். பன்னிரண்டு வருடம் கழித்துக் கண்டவளிடம் புஸ்பம் கேட்டது ஒன்றுதான். திறப்புவிழாவுக்கு வா. நஸீறாவும் தன்னைப் போல முப்பது பெண்களைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தாள்.

எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கக்கூஸ் படியேறியவள், உடனே இறங்கிவிட்டாள்.

“வடிவாத்தான் கட்டியிருக்கிங்க கா. ஆனா இதில இருந்தா முகம் நேரா கிப்லாவுக்குப் போகுது. தொழுற திசையப் பாத்து நாங்க அப்படி இருக்கமாட்டம்.”

“ஒரு நாளைக்குத்தானே நஸீறா...”

“நான் கூட்டிவாறதெல்லாம் வயசுபோன மனிசியள். ரெண்டு செக்பொயின்ற் தாண்டி வந்து, போய்ச்சேர மட்டும் அடக்கிக்கொண்டு இருக்க ஏலுமா? வேணாம் கா. நீங்க திறந்து நடத்துங்க. நாங்க இன்னொரு நாளைக்குப் பாப்பம்.”

அந்த இன்னொரு நாள் வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்த வேகத்தில்தான் புஸ்பம் பக்கீரைப் பிடித்துக்கொண்டாள். உர அறைகளின் கறுத்த தகர மூடிகள் பின்னேர வெயிலில் சூடேற வேண்டுமென்று மேற்கே வைத்தவள், கை போன போக்கில் மேலே கால் வைத்துக் குந்தும் தட்டுகளையும் மேற்குப் பார்க்கக் கீறியிருந்தாள். வாவியும் மேற்கு, காற்றும் மேற்கு. அதற்கு அப்பால் அவள் யோசிக்கவில்லை.

“நீங்க காத்தான்குடி ஆள். அஞ்சு நேரமும் தொழுறவர். தட்டு வைக்கெக்குள்ள மனசில ஒண்டும் வரல்லையா?”

“வந்திச்சி.”

“மறுகா ஏன் சொல்லல்ல?”

பக்கீர் சாரத்து நுனியால் கையைத் துடைத்தார். “இது ஒங்கட ஆக்களுக்குக் கட்டுற இடம் எண்டு நெனச்சன் மிஸ். கூலிக்கு வந்தவன், ஒங்கட காணிக்குள்ள நிண்டு, எங்கட ஆக்கள் இப்படித்தான் இருப்பாங்க, கக்கூஸத் திருப்பிக் கிறுக்கி வைங்க எண்டு எப்படிச் சொல்ல? நாட்டு நெலமையில அதையும் ஒரு கதையாக்கிப்போடுவாங்க.”

புஸ்பம் சுருட்டிய கடதாசியை விரிக்கவில்லை. ‘பார்வையாளர் வசதிகள்’ என்று அவளே தன் கையால் தலைப்பு எழுதிய கடதாசி அது. யார் அந்தப் பார்வையாளர் என்று இந்த மனிதர் மூன்று நாளாகத் தட்டு வார்த்தபடி யோசித்திருக்கிறார். அவள் ஒருதரமும் யோசிக்கவில்லை.

“உடைக்க வேண்டியதுதான்,” என்றாள். “வெள்ளிக்கிழமை திறக்கிறம். நாலையும் உடைச்சு வார்க்க நாள் காணுமா?”

“என்னத்துக்கு உடைக்க?”

“பூசி இறுக்கினதை வேறென்ன செய்ய?”

“சீமெந்து போடல்ல மிஸ்.” பக்கீர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “அடியில சுண்ணாம்புச் சாந்துதான் வச்சிருக்கன். அலவாங்கால நெம்பினாக் கழண்டு வரும். சதுரத் தட்டுத்தானே, கால்வாசி கிறுக்கினா வடக்கு தெக்கா நிக்கும்.”

“அப்ப வேணுமெண்டுதான்...”

“ஆரும் கேப்பாங்களோ எண்டு பாத்தன்.”

நல்லரத்தினம் உளியைப் போட்டுவிட்டு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். “ரெண்டு பேரும் கதைச்சு முடிச்சிட்டிங்களா? பிடிங்க காக்கா அந்தப் பக்கம்.”

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் மூன்று தட்டுகள் கிறுகிவிட்டன. நாலாவது, கிளம்பும்போது மூலை உடைந்தது. “அது என்ட பிழை இல்ல, ஒங்கட சிலைக்காரர்ட பிழை” என்றார் பக்கீர். தட்டுகள் திரும்பியதில் சிறுநீர் ஓடும் துளையும் தெற்கே போய்விட, வாழைப் பாத்தியை அங்கே மாற்ற வேண்டி வந்தது. வாழை வளர்ந்தால் தன் சைக்கிள் மறைந்துபோகுமே என்று நல்லரத்தினம் முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே மண்வெட்டியும் எடுத்துக் கொடுத்தார்.

பின்னேரம் புஸ்பம் சந்திக்கடைக்குப் போய் ஓட்டமாவடிக்குக் கோல் எடுத்தாள்.

“கிறுக்கிப்போட்டம் நஸீறா. நாலையும்.”

இரைச்சலுக்குள் நஸீறா பக்கத்திலிருந்த யாரையோ கூப்பிட்டுச் சொல்வது கேட்டது.

“தொட்டித் தண்ணியெடுக்கச் சின்ன வாளியும் வேணும் கா,” என்றாள் நஸீறா. “முப்பது பேர் வாறம்.”

புஸ்பம் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தபோது, நல்லரத்தினம் மறுபடி கதவின் முன் நின்றார். காணாமற்போனவர்களின் தாய்மார் சங்கம் கொடுத்த பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கதவில் வெட்டிக்கொண்டிருந்தார். வினாயகமூர்த்தி. சாமித்தம்பி. கந்தப்போடி. பக்கீர் தொட்டியில் கை கழுவி முடித்து, ஈரக் கையோடு அவருக்குப் பின்னால் போய் நின்று மேலிருந்து கீழாக வாசித்தார். பிறகு ஒருதரம் கீழிருந்து மேலாகவும் வாசித்தார்.

“நஸீறா வாறாளாம் காக்கா,” என்றாள் புஸ்பம். “முப்பது பேரோட.”

பக்கீர் தலையாட்டினார். கதவின் அடிப்பாதி இன்னும் வெறுமையாகக் கிடந்தது. அதைக் கையால் தடவிப் பார்த்தார்.

“அவங்க வந்து இதில தேடுவாங்களே மிஸ். எங்கட பேருகளை நாங்க ஆரிட்டக் குடுக்கணும்?”