அழகுக்குப் பத்து மதிப்பெண்

குழுவில் அவளுக்குத் ‘தராசு’ என்று பட்டப்பெயர். கைப்பேசியில் ஆடும் கோட்டை பிடிக்கும் விளையாட்டுக்கான குழு அது. இரண்டு அணிகள் மோதும் களங்களை, அதாவது மேப்புகளை, ஆடுகிறவர்களே வரைந்து போடலாம். யாருக்குள் சண்டை வந்தாலும் நடுவில் நின்று தீர்த்துவைப்பவள் என்பதால் அந்தப் பெயர். பகலில் கூரியர் அலுவலகத்தில் பார்சல்களைத் தெருவாரியாகப் பிரிக்கும் வேலை. அவள் வரைந்த மேப்பில் யாரும் வழி தவறியதில்லை.

அவளுடைய கொழுந்தன் மனைவி, இளையவள், அதே வீட்டுக்கு வாழ வந்தவள். மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கிறாள். மேப் வரையக் கற்றுக்கொண்டதே மூத்தவள் பக்கத்தில் உட்கார்ந்துதான். ஆனால் மூத்தவள் மேப்புக்கு ‘நல்லா இருக்கு’ என்று நாலு பேர் சொன்னால், இளையவள் மேப்புக்குக் கூட்டமே திரண்டது. அருவி, பனி, கோட்டைச் சன்னலில் எரியும் விளக்கு! “உங்க வீட்டுச் சின்னவங்க கையில மந்திரம் இருக்கு” என்று யாராவது எழுதினால், மூத்தவள் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பாள். வயிறு திகுதிகுவென்று எரியும்.

சென்ற ஆண்டு மேப் போட்டி ரசாபாசமாக முடிந்திருந்தது. லைக் அதிகம் வாங்கினால் வெற்றி என்று வைத்ததில், ஒருவன் மாமன் மச்சான் எல்லோரையும் இழுத்து வந்து லைக் போடவைத்துப் பரிசைத் தட்டிப்போனான். இந்த முறை குழுவை நடத்தும் பஸ் டிரைவர் இவளைக் கூப்பிட்டார்.

“நீங்கதாம்மா நியாயமா ஒரு முறை போட்டுக் குடுக்கணும். ஆனா விதி போடறவங்க போட்டியில நிக்க முடியாது. பரவாயில்லையா?”

“பரவாயில்லைங்க” என்றாள் பட்டென்று. பெருந்தன்மை என்று அவர் நினைத்துக்கொண்டார். போட்டியில் நின்று ஓர்ப்படியிடம் தோற்பதைவிட, நிற்காமல் மேலே உட்கார்ந்திருப்பது மேல் என்பது அவள் கணக்கு.

முறையை நன்றாகத்தான் போட்டாள். வரைந்தவர் பெயர் நடுவருக்குத் தெரியாது, எண் மட்டும்தான். மூன்று நடுவர்கள், வேறு குழுக்களிலிருந்து. இரண்டு அணி பக்கமும் மாறி மாறி ஆடிப் பார்த்த பிறகே மதிப்பெண். இதுவரை எல்லாம் நேர்மை. மதிப்பெண்ணைப் பிரிக்கும்போதுதான் இளையவளின் முகம் கண்முன் வந்தது. அவள் மேப்பில் எப்போதும் ஒரு பக்கம் கொஞ்சம் சாதகமாக இருக்கும். விளக்கும் பனியும் சேர்ந்து பழைய கைப்பேசிகளில் திக்கித் திக்கி ஓடும். இரு பக்கச் சமநிலைக்கு நாற்பது, வழித் தெளிவுக்கு முப்பது, தடங்கலில்லாமல் ஓடுவதற்கு இருபது. அழகுக்குப் பத்து.

“பத்துதானா?” என்றார் டிரைவர்.

“ஆட வர்றாங்களா, படம் பாக்க வர்றாங்களா?”

குழுவே கைதட்டியது. யாராலும் ஒரு குற்றம் சொல்ல முடியவில்லை.

விதிகள் வெளியான மாலை இளையவள் வந்து நின்றாள். “அக்கா, ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு எப்படிப் பாக்கறது?”

“விதி போட்டவ நான். உனக்கு மட்டும் சொன்னா நல்லாவா இருக்கும்?”

“அதுவும் சரிதான்” என்று போய்விட்டாள். மூத்தவளுக்கு அன்று சாப்பாடு ருசித்தது.

ருசி நிலைக்கவில்லை. மறுவாரம் வேலை முடிந்து வந்தால் கூடத்தில் ஒரே சிரிப்பு. மாமியாரின் ஓட்டைக் கைப்பேசியில்கூட இளையவளின் மேப் திக்காமல் ஓடுகிறது. ஒரு பக்கம் கொழுந்தன், எதிர்ப்பக்கம் இவளுடைய சொந்தப் புருஷன்!

“இந்தப் பக்கம் வந்தா நான் தோத்துக்கிட்டே இருக்கேன்மா, அந்தச் செவுத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடு” என்றான் புருஷன். இளையவள் போட்டாள். பத்து வருடமாக இவள் மேப்பை எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன்! பையைத் தொப்பென்று போட்டுவிட்டு உள்ளே போனாள்.

முடிவு வந்தது. இளையவளுக்கு முதலிடம். கொள்ளிக்கட்டையை எடுத்துத் தன் தலையையே சொறிந்துகொண்ட கதைதான்: எதை எதைத் திருத்த வேண்டும் என்று விதியே விலாவாரியாகச் சொல்லிவிட்டிருந்தது.

அதற்குள் குழுவில் புகைந்தது. ‘ஒரே வீடு. அக்கா விதி போட, தங்கச்சி ஜெயிச்சாச்சு.’ டிரைவர் போன் செய்தார்.

“அவங்களுக்கு ஏதாவது சொல்லிக் குடுத்தீங்களாம்மா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க. பேசாம இருந்தா பரிசை நிறுத்தி வைக்கத்தான் வேணும்.”

பேசாமல் இருந்தால் போதும். அந்த நினைப்பு இனித்தது. ஆனால் சொல்லிக்கொடுத்தவள் என்று பேர் எடுப்பதா? அதைவிட மோசம், அவள் வெற்றி என்னால் வந்தது என்று நாலு பேர் பேசுவதில் ஒரு சுகம்கூட இருந்தது. அந்தச் சுகம்தான் அவளைத் திடுக்கிட வைத்தது.

“இல்லைங்க. அவ வந்து கேட்டது நெசம். ஆனா நான் சொல்லலை.”

“அதை எப்படி நம்புவாங்க?”

“அவ ஜெயிக்கக் கூடாதுன்னுதான் அழகுக்குப் பத்து போட்டேன். பொறாமைதான். இதையும் குழுவில போட்டுக்கோங்க.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அடுக்களை வாசலில் இளையவள், கையில் ஈரத்துணியோடு.

“பத்துன்னு பாத்தப்பவே தெரிஞ்சுதுக்கா” என்றாள். “அன்னிக்கு அழுதேன். அப்புறம், முதல் பரிசு வாங்காம விடறதில்லைன்னு உக்காந்தேன்.” குரலில் கோபம் இருந்தது, மன்னிப்பு இல்லை.

பரிசு இளையவளுக்கே வந்தது. இரண்டு பேரும் சில நாள் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூத்தவள் தனியாக உட்கார்ந்து அந்த மேப்பை ஆடினாள், குறை கண்டுபிடிக்க. இரு பக்கமும் ஆடினாள். அருவிக்குப் பின்னால் இருந்த குறுக்குவழி அவளுக்கே தோன்றியிராத வழி. வயிறு மறுபடி எரிந்தது. குழுவைத் திறந்து டிரைவருக்கு எழுதினாள்: “அடுத்த தடவை விதியை வேற யாராவது போடட்டும். நான் போட்டியில நிக்கறேன்.”